பாட்டும் பரம்பரையும்

பரம்பரை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வருகிறது. ஏன்? நம் கொங்கு நாட்டில் பரம்பரை என்ற பேரால்தான் ஒரு ஜாதியார் தலையில் பறையைக் கட்டி, பிணத்தின் முன் அடிக்கச் செய்தார்கள்.

ரத்தத்தில் கொள்கை வருமா? 1958-ம் வருஷத் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜன் பாடிப் பாடிக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு ஓட்டுச் சேர்த்தார். அவர் குழுவில் வளர்ந்த தம்பி இளையராஜா சினிமா சங்கீதத்தில் பெரும் பேர் பெற்றார். சங்கீதம் கூடவே வந்தது. கட்சி மேடை வரவில்லை. இது குற்றமல்ல; இயற்கை.

நைஜீரியாவைப் பாருங்கள். பெலா குட்டி என்பார் அப்ரோபீட் என்னும் சங்கீதத்தை உண்டாக்கி, ராணுவ ஆட்சியைச் சந்தி சிரிக்கச் செய்தார். 1977-ல் பட்டாளத்தார் அவர் வீட்டைக் கொளுத்தி, அவருடைய வயதான தாயாரை ஜன்னல் வழியே வீசினார்கள். 1940-களில் பெண்கள் மீதான வரியை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்திய அந்த அம்மையார் மறு வருஷம் மாண்டார். 1997-ல் பெலா மறைந்ததும், 14 வயது மகன் ஷேயுன் அவருடைய வாத்தியக் குழுவை ஏற்று, ஆட்சியாளரை இடித்துப் பாடலானார். பாட்டியார் கதி தெரிந்தும் பாடினாரே, அதுதான் பரம்பரை!

இன்று கோவையில் பல ஜாதி ஆண்களும் பெண்களும் பறை பயில்கிறார்கள். மகிழ்கிறோம். ஆனால் தோழர்களே! விரும்பியவன் எவனும் அடிக்கட்டும்; விரும்பாதவனை "உன் அப்பன் அடித்தான், நீயும் அடி" என்று சொல்ல எந்த ஊருக்கும் உரிமை இல்லை.