சரக்குக்கு முன் செல்ல வேண்டிய செய்தி

நெய்த துணியையும் அரைத்த அரிசியையும் வாங்குவோர் கையில் ஒப்படைத்துவிட்டால் நமது பொறுப்பு முடிந்தது என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து தஞ்சை அரிசி இலங்கைக்குக் கப்பலேறிய நாட்களில் மூட்டையின் எடையும் விலையும் தெரிந்திருந்தால் வியாபாரம் நடந்தது. இன்று அவ்வாறில்லை. சரக்கு கப்பலேறுவதற்கு முன்பாகவே அதைப் பற்றிய செய்தி கடல் கடந்து சென்று சேர்ந்தாக வேண்டியிருக்கிறது. இவ்விஷயத்தில் நமது நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் செய்ய வேண்டுவது யாது என்பதை அங்கத்தினர்கள் முன் வைப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

முதலில் விதி இன்னதென்று பார்ப்போம். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதித் தாக்குதல்களுக்குப் பிறகு, தம் நாட்டுக்குக் கப்பலில் வரும் பெட்டகம் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள அமெரிக்க அரசாங்கம் முற்பட்டது. அமெரிக்கா செல்லும் கப்பலில் சரக்கு ஏறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் கப்பல் நிறுவனம் அதன் விவரத்தைத் தெரிவிக்க வேண்டுமென்று 2002-ஆம் ஆண்டின் இறுதியில் விதி வந்தது. 'பலவகைச் சரக்கு' என்று பொதுப்படையாக எழுதுவது அன்று முதல் செல்லாது. 2006-ஆம் ஆண்டின் துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, இறக்குமதியாளரும் தனியே ஒரு பாதுகாப்பு முன்னறிக்கை தர வேண்டும் என்ற விதி 2009 ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2010 ஜனவரி 26 முதல் முழுமையாக அமலாயிற்று.

இவ்விதியை 'பத்தும் இரண்டும்' என்று வழங்குகிறார்கள். இரண்டு செய்திகள் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றி நமக்குக் கவலையில்லை. இறக்குமதியாளர் தர வேண்டிய பத்துச் செய்திகளாவன: விற்பவர், வாங்குபவர், இறக்குமதியாளரின் பதிவெண், சரக்கு யார் பேருக்கு வருகிறதோ அவரது பதிவெண், உற்பத்தியாளர், சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம், உற்பத்தியான நாடு, சரக்கின் ஆறிலக்கச் சுங்கக் குறியீட்டெண், பெட்டகத்தில் சரக்கு அடைக்கப்பட்ட இடம், அடைத்தவர். முதல் எட்டும் சரக்கு கப்பலேறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் சென்றாக வேண்டும். கடைசி இரண்டுக்கும், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தை அடைவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்வரை தவணையுண்டு. தவறினாலும் பிழைபட்டாலும் காலம் கடந்தாலும் ஓர் அறிக்கைக்கு 5,000 டாலர் வரை தண்டத்தொகை கோரலாம். பெட்டகத்தை நிறுத்திச் சோதனையிடவும் செய்யலாம். அந்தச் சோதனைச் செலவும் தாமதச் செலவும் இறக்குமதியாளரையே சாரும்.

"சட்டம் அமெரிக்க வியாபாரியை அல்லவா கட்டுப்படுத்துகிறது? அதில் நமக்கென்ன வேலை?" என்று அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பத்தில் உற்பத்தியாளர் யார், சரக்கு என்ன குறியீட்டைச் சேர்ந்தது, எங்கே அடைக்கப்பட்டது, யார் அடைத்தார் ஆகிய நான்கும் நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வாறு தெரியும்? அவை திருபுவனத்திலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உள்ள நமது பதிவேடுகளில்தான் இருக்கின்றன. கடமை அவருடையது, செய்தி நம்முடையது. நாம் தராவிட்டால் அவர் ஊகித்து எழுதுவார், அல்லது தவறாமல் தருகிற வேறொருவரிடம் வாங்கப் போவார். தண்டத்தொகை கட்ட நேர்ந்தால், அதனை அடுத்த கொள்முதல் விலையில் கழித்துக்கொள்ளவும் அவர் தயங்கமாட்டார். அக்கழிவு கடைசியில் தறிக்காரரின் கூலியிலும் உழவரின் விலையிலும் வந்து விழும்.

உற்பத்தியாளர் என்ற சொல்லுக்கு அந்த விதி தரும் பொருள் நமது அங்கத்தினர் கவனிக்கத்தக்கது. பொருளைக் கடைசியாகச் செய்தவர், தயாரித்தவர், அல்லது விளைவித்தவர் என்று அது சொல்கிறது. விளைவித்தவர் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது! ஆனால் அதனையடுத்து 'அல்லது' என்று தொடங்கி, ஏற்றுமதி நாட்டில் முடிந்த சரக்கை வழங்கியவரின் பெயரும் போதும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த 'அல்லது' என்ற வாசல் வழியாகத்தான் இடையிலுள்ள வியாபாரியின் பெயர் நுழைந்து, நெய்த சங்கத்தின் பெயர் மறைந்துபோகிறது.

கைத்தறியில் அங்கத்தினர் தம் வீட்டுத் தறியில் நெய்தபோதிலும், நூல் கொடுத்து, கூலி கொடுத்து, துணியைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வது சங்கமே. ஆதலின் அங்கே நிற்க வேண்டிய பெயர் சங்கத்தின் பெயர் என்பது நமது திடமான கருத்து. அரிசி விஷயத்தில், கடைசியாக அரைத்த ஆலையின் பெயர் அங்கே வர நேரும். சங்கத்துக்குச் சொந்த ஆலை இருந்தால் அது சங்கத்தின் பெயர். தனியார் ஆலையில் கூலிக்கு அரைத்தால் அந்த ஆலையின் பெயர். சங்கங்கள் ஆலை வைத்துக்கொள்வதற்கு நாம் இதுகாறும் சொல்லிவந்த காரணங்களோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குறியீட்டெண்ணில் ஏற்படும் பிழைகள் நமது பக்கத்திலேயே பிறக்கின்றன. நெல்லுக்கு 1006.10, உமி மட்டும் நீங்கித் தவிடு நீங்காத அரிசிக்கு 1006.20, தீட்டிய அரிசி பச்சையாயினும் புழுங்கலாயினும் 1006.30, நொய்க்கு 1006.40. கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் தவிடு நீங்காமலேயே பெரிதும் விரும்பி வாங்கப்படுகின்றன. அவற்றையும் வழக்கம்போல 1006.30 என்று குறித்து அனுப்பினால் அறிக்கை பிழையாகிறது. தீட்டியதா, தீட்டாததா என்பதை அறிந்தவர் களத்திலும் ஆலையிலும் இருப்பவரே. பட்டிலும் இவ்வாறே. எடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பட்டாயிருக்கும் துணி 5007.20 என்ற எண்ணைச் சேரும். ஜரிகை மிகுந்த சேலையில் பட்டின் எடை எவ்வளவு, ஜரிகையின் எடை எவ்வளவு என்று சொல்லக்கூடியவர் நூலை நிறுத்துக் கொடுத்த சங்கத்தின் கிடங்குப் பொறுப்பாளரைத் தவிர வேறு யார்?

இன்னொரு தொல்லை நம் ஊர்ப்பெயர்களால் வருவது. ஆங்கில எழுத்தில் ஒருவர் தஞ்சாவூர் என்பார். மற்றொருவர் பழைய வழக்கப்படி டாஞ்சூர் என்பார். திருபுவனத்தை எழுதுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். சங்கத்தின் பெயர் பட்டியலில் ஒரு விதமாகவும், மூட்டையின் மேல் வேறு விதமாகவும், ஏற்றுமதியாளர் கடிதத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், கணிப்பொறி அவற்றை மூன்று ஸ்தாபனங்களாகவே கொள்ளும். பெயரும் விலாசமும் எங்கும் ஒரே எழுத்துக் கூட்டலில் இருத்தல் வேண்டும்.

சிறிய சங்கங்களின் சரக்கு பெரும்பாலும் தனிப் பெட்டகம் நிறையாது. பல சங்கங்களின் சரக்கைத் தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஒன்றாக அடைத்து அனுப்புகிறார்கள். அப்போதும் எந்தச் சரக்கு எந்த உற்பத்தியாளருடையது, எந்த நாட்டது, எந்தக் குறியீடு என்பது வரிக்கு வரி பொருந்தியிருக்க வேண்டும். ஒரு சங்கம் தாமதித்தால் மற்றவர்களின் சரக்கும் சேர்ந்தே நிற்கும். கூட்டுறவு என்ற சொல்லின் பொருள் இங்கே நம் அனைவருக்கும் விளங்க வேண்டும்.

சரக்கோடு செய்தி போகாததால் விளைந்த சங்கடத்துக்குப் பழைய உதாரணமும் உண்டு. 1950-களின் இறுதியில் 'மெட்ராஸ்' கட்டத்துணி அமெரிக்காவில் பெரிய மோஸ்தராக இருந்தது. சாயம் கசியும், ஆகையால் குளிர்ந்த நீரில் மெல்லத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை துணியோடு சென்று சேராததால், வாங்கியவர்கள் புகார் செய்தார்கள் என்றும், பின்னர் அந்தச் சாயக் கசிவையே சிறப்பென்று விளம்பரம் செய்து சமாளித்தார்கள் என்றும் கூறுவர். அன்று கெட்டிக்கார விளம்பரம் காப்பாற்றியது. சுங்க இலாகாவிடம் விளம்பரம் செல்லாது.

"நம் டெல்டா நெல்லில் மிகுதியும் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கே போகிறது, வெளிநாடு போவது எத்தனை மூட்டை?" என்று கேட்போரும் உளர். உண்மையே. மேலும் ஏற்றுமதிக் கொள்கை மாறினால் வாசல் மூடிக்கொள்வதையும் கண்டோம்: 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது, 2024 செப்டம்பர் 28-இல்தான் அத்தடை நீங்கியது. ஆயினும் நல்ல விலை கிடைப்பது பாரம்பரிய ரகங்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டுக்குமேயாகும். அளவு சிறிதாயினும் அதன் வருமானம் அங்கத்தினர் பலரின் குடும்பத்தைத் தாங்கக்கூடியது. வாசல் திறக்கும்போது காகிதம் தயாராயிருப்பவரே முதலில் நுழைவார்.

உற்பத்தியாளர் பெயரைச் சொன்னால் போட்டிக்காரர் அறிந்துகொள்வார் என்று சில வியாபாரிகள் அஞ்சுகிறார்கள். இறக்குமதியாளரின் முன்னறிக்கையிலுள்ள செய்திகளை அமெரிக்கச் சுங்க இலாகா வெளியிடுவதில்லை. அவற்றை வெளியிடாதிருக்க விதியே இடம் தருகிறது. ஆகவே அந்த அச்சத்தைக் காரணமாகக் காட்டி நமது பெயரை மறைப்பதை நாம் ஏற்கலாகாது.

இனி, செய்ய வேண்டியவை. முதலாவதாக, வெளிநாடு செல்லும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் சங்கம் ஒரே தாளில் ஒரு விவரச்சீட்டு எழுதட்டும். சங்கத்தின் முழுப் பெயர், விலாசம், சரக்கின் சரியான பெயர், குறியீட்டெண், அளவு, அடைத்த இடம், அடைத்தவர், லாரி புறப்பட்ட நாள் ஆகியவை அதில் இருக்கட்டும். காரியதரிசி கையொப்பமிட்டு, லாரி புறப்படும் அன்றே ஏற்றுமதியாளருக்கும் வாங்குவோருக்கும் அனுப்பிவிட்டு, ஒரு படியைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவதாக, ஒப்பந்தத்தில் உற்பத்தியாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரே வர வேண்டுமென்றும், நமது செய்தி குறித்த நாளில் சேர்ந்திருந்தால் எந்தத் தண்டத்தொகையும் நம்மிடம் பிடிக்கலாகாது என்றும் ஷரத்து சேர்க்க வேண்டும். மூன்றாவதாக, சங்கக் காரியதரிசிகளுக்கான கூட்டுறவுப் பயிற்சியில் இதனையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும். அரிசி அனுப்பும் ஆலைகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும், கடல் வழி வரும் உணவுப் பொருளுக்குத் துறைமுகம் சேர்வதற்கு 8 மணி நேரத்துக்கு முன்னதாகவே தனி அறிவிப்புத் தேவை என்பதையும் அப்பாடத்தில் சேர்க்கலாம்.

இது அமெரிக்காவோடு நிற்கும் காரியமுமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூன் முதல் கட்டங்கட்டமாகக் கடல் வழிச் சரக்குக்கும் இவ்விதமான முன்னறிக்கையை விரிவாகக் கேட்கத் தொடங்கியது. அங்கும் ஆறிலக்கக் குறியீடும் தெளிவான சரக்குப் பெயரும் வேண்டும். அமெரிக்காவுக்கு விமானத்தில் செல்லும் சேலைக் கட்டுக்குங்கூட, ஏற்றுவதற்கு முன் செய்தி தரும் விதி 2018 முதல் இருந்துவருகிறது. ஒரு தாளை ஒழுங்காக எழுதப் பழகிவிட்டால் அது எல்லாச் சந்தைக்கும் உதவும்.

அங்கத்தினர்களே, அடுத்த நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தில் இவ்விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு உங்கள் சங்கத்தைக் கேளுங்கள். சென்ற முறை வெளிநாடு போன சரக்கில் உற்பத்தியாளர் என்று யார் பெயர் எழுதப்பட்டது என்று விசாரியுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாயில்லையெனில், மாற்றுவதற்கான முதல் தாளை இம்மாதமே எழுதத் தொடங்கலாம்.