பைக் டூருக்குப் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி: கடைசி வண்டியில் யார்?

1)
சென்னையில இருந்தும் பாண்டிச்சேரியில இருந்தும் செஞ்சிக்கு பைக்கில் வர்ற தம்பி தங்கைகளுக்கும், அவங்களை அனுப்பிட்டு போனையே பார்த்துக்கிட்டு இருக்கிற பெற்றோருக்கும் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிடுங்க.

2)
2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில். மிச்சம் ஒண்ணே ஒண்ணு, அது நம்ம செஞ்சி. சந்தோஷம். ஆனா பெயர் பெருசானா கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி இரண்டு சக்கரத்தில் வரும்.

3)
ஞாயிறு காலை 7 மணிக்கு செஞ்சி கூட்டு ரோட்டில் நின்னு பாருங்க. பத்து வண்டி, பதினஞ்சு வண்டின்னு வரிசையா வருவாங்க. டிபன், கோட்டை, போட்டோ. சிலர் அப்படியே திருவண்ணாமலை, போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் வரை போவாங்க. அருமையான பாதை. போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்.

4)
இந்தப் பயணங்களை இப்போ ஆள் வெச்சு, பணம் வாங்கி நடத்துறாங்க. அதுவும் நல்லதுதான்.

"கூகுள் மேப் இருக்கு, எதுக்கு சார் கைடு?"ன்னு கேக்குறாங்க. வழி காட்ட கைடு வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்தவும், யாராவது விழுந்தால் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கவும்தான் கைடு வேணும். மருத்துவரா என் கருத்து இதுதான்.

5)
ஒரு விஷயத்தை யோசிங்க. பத்து வண்டி வரிசையா போகுது. முதல் ஆள் 60-ல் போறார். நடுவில் ஒரு லாரி வருது. நாலு பேர் தாண்டிட்டாங்க, ஆறு பேர் மாட்டிக்கிட்டாங்க. அந்த ஆறு பேரும் முன்னாடி போனவங்களைப் பிடிக்க 80, 90-ல் முறுக்கணும்.

வரிசை ரப்பர் மாதிரி இழுபடும். அந்த இழுப்பு முழுக்க விழுவது கடைசி ஆள் மேல. கடைசியில் இருப்பது பெரும்பாலும் யார்? புதுசா பைக் எடுத்த பையன்.

அதாவது, குழுவிலேயே அனுபவம் குறைஞ்சவன்தான் குழுவிலேயே வேகமா ஓட்ட வேண்டி வருது.

6)
60-ல் இருந்து 80-க்குப் போனால் "இருபதுதானே கூடுது"ன்னு தோணும். மோதும்போது உடம்பு வாங்குற ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-க்கும் 80-க்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 78 சதவீதம். 80-ல் போகும்போது, பிரேக்கைத் தொடணும்னு மூளை முடிவு பண்ற ஒரு நொடியிலேயே வண்டி 22 மீட்டர் போயிடும்.

7)
அந்த 22 மீட்டரில் நம்ம ஊர் ரோட்டில் என்னெல்லாம் இருக்கும் தெரியுமா?

அறுவடை சமயத்தில் பாதி ரோட்டை அடைச்சுக் காயப்போட்ட நெல். அதைச் சுத்தி அடுக்கின கல். மல்லாட்டை மூட்டை ஏத்தின டிராக்டர். பின்பக்கம் விளக்கே இல்லாத கரும்பு வண்டி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வர்ற நெல் லோடு. குறுக்கே வரும் ஆடு.

மேப்பில் இதெல்லாம் வராது. இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியும், எந்த மாசம் எந்த வளைவில் நெல் கிடக்கும்னு.

8)
ஒழுங்கா நடத்துற குழுக்களில் ஒரு எளிய முறை வெச்சிருக்காங்க. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டாவதா வர்ற வண்டி ஓரமா நின்னு, பின்னால் வர்றவங்களுக்கு வழி காட்டும். குழுவின் கடைசி ஆள் வந்த பிறகுதான் அந்த வண்டி நகரும்.

அந்தக் கடைசி ஆள்தான் குழுவிலேயே அனுபவம் கூடியவர். அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்க மாட்டாங்க. யாரும் யாரையும் துரத்த வேண்டாம். வழி தவறும் பயம் போனால், பாதி வேகம் தானா குறையும்.

9)
வியட்நாமின் வடக்கில் ஹா ஜியாங்னு ஒரு மலைப்பகுதி. உலகம் பூராவும் இருந்து பைக் ஓட்ட அங்கே வர்றாங்க. நம்ம பசங்களும் போக ஆரம்பிச்சிட்டாங்க. அங்கே ஒரு வழக்கம் இருக்கு. மலைப்பாதை பழக்கம் இல்லாதவங்க வண்டியை ஓட்டாம, உள்ளூர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து போகலாம். அதை யாரும் கேவலமா நினைக்கிறதில்லை. உள்ளூர் ஆளுக்கு வருமானம், வந்தவருக்கு முழு உடம்பு.

இதே நாட்டில்தான் 2007 டிசம்பர் 15 முதல் எல்லா ரோட்டிலும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் போட்டு, மக்களைப் போடவும் வெச்சாங்க.

10)
ஹெல்மெட் பற்றி ஒரே ஒரு கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்த 2008 காக்ரேன் ஆய்வின்படி, ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது.

பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே மண்டை ஓடுதான். அவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், தாடைக்குக் கீழே மாட்டின பட்டையோட.

11)
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

விழுந்தவன் எழுந்து உட்கார்றான். "எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான்"னு சிரிக்கிறான். பேன்ட்டைத் தட்டிட்டு வண்டியைக் கிளப்புறான். நண்பர்களும் விட்டுடுறாங்க.

மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், சிலருக்கு ஆரம்பத்தில் ஒண்ணுமே தெரியாது. நல்லாப் பேசுவாங்க. ரத்தம் சேரச் சேர தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தள்ளும், பேச்சு குழறும். அதுக்கு அப்புறம் கண் திறக்க மாட்டாங்க. நேரத்துக்கு ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்தால் பிழைத்து எழுந்து நடக்கக்கூடிய காயம் இது.

"நல்லாத்தானே டாக்டர் பேசிட்டு இருந்தான்." இந்த வாக்கியத்தைக் கேட்காத அவசரப் பிரிவு மருத்துவர் யாரும் இருக்க மாட்டார்.

12)
தொடை எலும்பும் அப்படித்தான். முறிந்தால் வெளியே ஒரு சொட்டு தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் போகலாம். பெரியவர் உடம்பில் மொத்தமே சுமார் 5 லிட்டர்தான்.

செஞ்சியில் முதலுதவி கிடைக்கும். ஆனா பெரிய தலைக்காயம் என்றால் முண்டியம்பாக்கம் அல்லது திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி, இல்லேன்னா ஜிப்மர். எதுவுமே பக்கத்துத் தெருவில் இல்லை. ஜவ்வாது மலை மேலே விழுந்தால் தூரம் இன்னும் கூடும். அதனால்தான் அந்த முதல் பத்து நிமிஷத்தில் கூட இருப்பவர் யார்னு கேக்குறேன்.

13)
அந்தக் கடைசி வண்டி ஆளுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியவை:

- முதலில் பின்னால் வர்ற வண்டிகளை நிறுத்தணும். அப்புறம் 108.
- விழுந்தவரைக் கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. கழுத்து அசையக் கூடாது.
- மூச்சு விடுறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக் கூடாது. மூச்சுக்கு அது தடை என்றால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெதுவா கழற்றணும்.
- ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வெச்சு அழுத்தணும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது.
- சோடா, தண்ணி எதுவும் வாயில் ஊத்தக் கூடாது.
- தலையில் அடிபட்டவர் அன்னைக்கு மறுபடி வண்டி ஓட்டக் கூடாது. சிரிச்சாலும் சரி, சண்டை போட்டாலும் சரி. காரில் ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

14)
"போலீஸ் கேஸ் ஆயிடும்"னு பயப்படாதீங்க. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லணும்னு கூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பணத்துக்கும் பயப்படாதீங்க. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், எந்த ஊர்க்காரரா இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

15)
கோட்டை ஏறுபவர்களுக்குத் தனியா ஒண்ணு. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். சனி இரவு பாண்டிச்சேரியில் குடி, மூணு மணி நேரத் தூக்கம், காலையில் பைக், பத்து மணி வெயிலில் பாறை ஏற்றம், மதியம் பிரியாணி, மறுபடி பைக். இந்த உடம்பு திரும்பும் வழியில் தூங்கும். கண் திறந்திருக்கும்போதே ஒரு நொடி தூங்கும். "நீ இன்னைக்கு ஓட்டக் கூடாது"ன்னு சொல்ல தைரியம் உள்ள ஆள்தான் கைடு.

16)
"பதினஞ்சு வண்டிக்கு ரெண்டு கைடு வெச்சா கட்டணம் ஏறுமே சார்?" ஏறட்டும். ஜாக்கெட்டுக்கும் சைலன்சருக்கும் செலவு பண்றோமே.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்வி கேளுங்க. கடைசி வண்டியில் யார்? ஒரு குழுவில் எத்தனை வண்டி? முதலுதவி பயிற்சி எடுத்தவர் யார்? முடியலைன்னு சொல்றவங்களை ஏத்திக்க கார் வருதா? இருட்டுக்கு முன் முடியுமா?

முதல் கேள்விக்கே தடுமாறினால் அது டூர் இல்லை. கூட்டமா போறாங்க, அவ்வளவுதான்.

17)
சுற்றுலாத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். செஞ்சியில் பைக் ஓட்டத் தெரிந்த, வேலை தேடுற இளைஞர்கள் நிறைய பேர் இருக்காங்க. முதலுதவிப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, பைக் குழுக்களுக்குக் கைடா போக விடுங்க. கோட்டையின் வரலாறும் சொல்வாங்க, உயிரையும் காப்பாத்துவாங்க.

18)
1714-ல் போர்க்களத்தில் இறந்த தேசிங்கு ராஜனுக்கு 22 வயசுன்னு சொல்வாங்க. அவரையும் அவர் குதிரையையும் இந்த ஊர் முந்நூறு வருஷமா மறக்கலை. அது போர். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு வந்த பிள்ளை 22 வயசில் போகக் கூடாது.

பைக் வெச்சிருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.