பெருநாள் இறைச்சிக்கு எந்தக் கரி?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் எமது ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒன்று மாட்டின் விலை. மற்றது, "பார்பிகியூ போட விறகுக்கரி நல்லதா, பிரிக்கெட் நல்லதா?" இளைஞர்கள் கேட்கிறார்கள், பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எமது பார்வையில் இது சிரித்துவிட்டுப் போகும் கேள்வி அல்ல.

முதலில் இரண்டும் என்ன என்று பார்ப்போம். விறகுக்கரி என்பது காற்றுப் புகாமல் மூட்டம் போட்டு எரித்த மரத்துண்டு. சீக்கிரம் பற்றும், நல்ல சூடு தரும், சாம்பல் குறைவு. ஆனால் துண்டுகள் ஒரே அளவில் இருக்காது. ஒரு பக்கம் இறைச்சி கருகும், மறு பக்கம் பச்சையாக இருக்கும். பிரிக்கெட் என்பது கரித்தூளை மாப்பசையோடு குழைத்து அச்சில் அழுத்திய கட்டி. பற்ற நேரம் எடுக்கும், சாம்பலும் அதிகம். ஆனால் நீண்ட நேரம் ஒரே சூட்டில் நிற்கும். இறைச்சியை இரண்டு மூன்று மணித்தியாலம் மெதுவாகப் புகையில் வேகவைக்க வேண்டுமென்றால் பிரிக்கெட்தான் வசதி. உடனே சுட்டுச் சாப்பிட விறகுக்கரி போதும்.

"கரியில்தான் புகை வாசம் இருக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கரியில் புகையே பெரிதாக வராது. வாசம் வருவது கொழுப்பு தணலில் சொட்டும்போதும், மேலே போடும் காய்ந்த மரச்சீவலிலிருந்தும்தான். அந்தக் காலத்தில் உப்பும் மஞ்சளும் பூசி அடுப்புக்கு மேல் கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட இறைச்சி மணத்தது விறகுப் புகையால். ஆகவே வாசத்துக்காக விலை கூடிய கரி தேடி அலையத் தேவையில்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? எமது பதில், சிரட்டைக்கரி. துண்டாகவும் கிடைக்கிறது, பிரிக்கெட்டாகவும் கிடைக்கிறது. குருநாகல், புத்தளம் பக்கத்துத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வரும் கரியை நமது நாடு உலகத்துக்கே விற்கிறது. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் அதிலிருந்து நீர் வடிகட்டும் கார்பன் செய்து ஏற்றுமதி செய்கின்றன. சலவைக்காரரின் இஸ்திரிப் பெட்டியில் இருந்ததும் இதே கரிதான். சிரட்டை கெட்டியானது, தணல் நின்று எரியும். முக்கியமாக, அதற்காக யாரும் மரம் வெட்டவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? பழைய மண் மூட்டத்தில் 1 கிலோ விறகுக்கரி எடுக்க 5 கிலோ விறகாவது போகும். ஒரு 10 கிலோ மூடைக்கு எவ்வளவு என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். நாம் இருப்பது சரிவில். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை எமது பிரதேச செயலகப் பிரிவில் யாரும் மறக்கவில்லை. அந்தச் சரிவுக்குக் கரி மூட்டம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மண்ணைப் பிடித்து நிற்கும் வேர்களில் ஒன்றையேனும் ஒரு நாள் விருந்துக்காக இழக்க எமது மலைக்கு வசதியில்லை.

பிரிக்கெட் வாங்கினால் பொதியில் என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். "தீக்குச்சி வைத்தால் பற்றும்" வகையில் மருந்து கலந்திருக்கும். இறைச்சிக்கு அது வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். காய்ந்த பொச்சும் கடதாசியும் போதும்.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியம். பெருநாளன்று மழையும் மிஸ்ட்டும் இறங்கினால் அடுப்பைத் தூக்கிக் காம்பிராவுக்குள் வைக்கிறோம். சுட்டு முடிந்த தணலைக் குளிருக்கு இதமாகக் கட்டிலருகே வைத்து, கதவு யன்னலைச் சாத்துகிறோம். விறகு எரிந்தால் புகை கண்ணை எரித்து நம்மை வெளியே துரத்தும். கரி துரத்தாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு எழும்பாத தூக்கம். விறகுக்கரி, சிரட்டைக்கரி, பிரிக்கெட் மூன்றும் இதில் ஒன்றுதான். தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும்.

யாருக்காவது அப்படித் தலை சுற்றினால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள், 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். எஞ்சிய தணலுக்கு வெளியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணையுங்கள். சாம்பலுக்குள் நெருப்பு விடியும்வரை கிடக்கும். அதை மானாப் புல்லில் கொட்டினால் மலையே பற்றும்.

பார்பிகியூ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் கூடிச் சுட்டு, பக்கத்து லயனுக்கும் ஒரு தட்டு அனுப்பினால் அதைவிடப் பெருநாள் வேறு என்ன? சிரட்டைக்கரி வாங்குவோம், முற்றத்தில் மூட்டுவோம், அணைத்துவிட்டுத் தூங்குவோம்.

உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக.