இடுப்பு முறிவு விதியல்ல

வயது போனவர் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து எழுந்து நிற்க இயலாமற் போனால், எண்ணெய் பூசிப் பாயில் கிடத்தி வைப்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்னும் காணப்படும் வழக்கமாகும். தமிழ்க் கிராமங்களென்றோ முஸ்லிம் கிராமங்களென்றோ இதில் வேறுபாடில்லை. ஆனால் இதன் விலை பல வேளைகளில் உயிராகிவிடுகின்றது.

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. மூன்று என்புகள் கூடுமிடத்தில் கிண்ணம் போன்ற குழி அமைந்திருக்க, தொடையென்பின் உருண்டைத் தலை அதனுள் சுழல்கின்றது. அத்தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் கலன்களிற் பெரும்பாலானவை என்பின் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுபடும். குருதியிழந்த தலை இறந்துபோகும். எண்ணெயாலும் கட்டினாலும் இதனைச் சீராக்க முடியாது. பொருத்தும் சத்திரசிகிச்சையோ செயற்கை மூட்டோதான் வழி. 1962ஆம் ஆண்டில் பிரித்தானியரான ஜோன் சாண்லி செம்மைப்படுத்திய இடுப்பு மூட்டு மாற்றமே இன்றைய முறைக்கு அடிப்படையாயிற்று.

இங்கே காலமே முதன்மையானது. அனுமதிக்கப்பட்ட அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை செய்யப்பட வேண்டுமென்பது பிரித்தானிய வழிகாட்டல். படுக்கையிலேயே கிடப்பவரை நுரையீரல் தொற்றும் படுக்கைப்புண்ணும் குருதிக்கட்டியும் வாட்டுகின்றன. விழுந்தவரின் கால் குறுகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருப்பின் முறிவென்றே கருதி, 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்தல் வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் படுவான்கரை மக்களுக்கு நகரம் நெருங்கிவிட்டது. எனினும் தாமதம் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றது.

குழந்தைப் பருவத்திலும் இக்கிண்ணம் கவனத்துக்குரியது. தலை சரியாகப் பதிந்திருந்தாற்றான் கிண்ணம் ஆழமாக வளரும். பெண் குழந்தைகளிடமும், பிறப்பதற்கு முன் கால்புறம் கீழாக இருந்த குழந்தைகளிடமும் விலகல் கூடுதலாகக் காணப்படுகின்றது. பிறந்த சில நாட்களில் வைத்தியர் தொடைகளை விரித்துப் பார்க்கும் எளிய பரிசோதனை இதனைப் பெரும்பாலும் காட்டிவிடும். கால்களை நீட்டி இறுகச் சுற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு 1970களில் ஜப்பானில் மேற்கொள்ளப்பட்ட இயக்கத்தின்பின் அங்கு இக்குறைபாடு பெருமளவு குறைந்தது. நமது தாய்மார் பிள்ளையை இடுப்பில் கால்விரித்துத் தூக்கிச் செல்லும் பழக்கம் மூட்டுக்கு நன்மையானதென்பதையும் குறிப்பிட வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் தரையிலமர்ந்து உண்பதும், ஸுஜூது செய்வதும், கோயிலில் விழுந்து வணங்குவதும் இயலாதோ என்ற அச்சம் பலரைத் தடுக்கின்றது. எவ்வளவு குனியலாமென்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரே கூற வேண்டும். நோயாளி கதிரையிலமர்ந்து தொழுவதை இஸ்லாம் அனுமதிக்கின்றது. நின்று கைகூப்பும் பக்தியை ஆலயமும் குறைத்து மதிப்பதில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இவ்விகிதம் வளர்ந்து வருகின்றது. எனவே செயற்கை மூட்டுகளும் சத்திரசிகிச்சைக்கூட நேரமும் அரச வைத்தியசாலைகளில் தடையின்றிக் கிடைப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாடு கற்பித்த பாடம் மறக்கப்படலாகாது. பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் வழுக்காத தரையையும் கைபிடிக் கம்பியையும் தத்தமது வளவிலிருந்தே தொடங்கலாம். மூத்தோரைப் பாயில் விட்டுவிடுவது விதியன்று. அது நமது அசட்டையே.