கொல்லையில் ஒரு பச்சைப் பந்தல்

ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டைப் பார்த்து, ‘நம் கொல்லையிலும் ஒன்று இருந்தால்!’ என்று ஏங்கினீர்களா? வேண்டாம், சகோதரி! கண்ணாடி வெயிலின் சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். குளிர் நாட்டுக்கு அது வரம். குடமுருட்டி மணலாய்க் கிடக்கும் சித்திரையில், திருக்காட்டுப்பள்ளியில் செடி வெந்தல்லவா போகும்?

நமக்கு வேண்டியது நிழல். நாலு மூங்கில் நட்டு, பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவிகிதப் பச்சை வலையை மேலே கட்டுங்கள். பக்கங்களில் காற்றாடட்டும். ஊற்றிய தண்ணீரும் சீக்கிரம் வற்றாது.

ஐப்பசி அடைமழையில் வலையைக் கழற்றி, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தாளைச் சரிவாகக் கட்டினால் நாற்று அழுகாது.

பிறகென்ன? ரசத்துக்குக் கொத்துமல்லி கேட்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டாம். அவர்கள்தான் உங்களிடம் வருவார்கள்!