கொரோனா போயாச்சு, வைரஸைப் படிப்பது எதற்கு?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பென்னலூரில் சாலையைக் கடப்பது லேசான காரியம் இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இருங்காட்டுக்கோட்டைக்குச் சில, ஸ்ரீபெரும்புதூருக்குச் சில, வல்லம், ஒரகடம் பக்கம் சில. உள்ளே திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் இருப்பார்கள். பிகார், ஒடிசா, அசாம் இளைஞர்கள் இருப்பார்கள். பகல் ஷிஃப்ட் ஆள் சுருட்டி வைத்துவிட்டுப் போன பாயை இரவு ஷிஃப்ட் ஆள் விரித்துப் படுக்கும் அறைகளும் இந்தப் பகுதியில் உண்டு. இங்கே ஒருவருக்கு வரும் காய்ச்சல் அவரோடு நிற்பதில்லை.

இருந்தும், வைரஸின் மரபணுவைப் படித்துத் தொற்றைக் கண்காணிப்பது பற்றிப் பேச்செடுத்தால், பென்னலூரில் மட்டுமல்ல, எங்கேயும் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: மாத்திரை போட்டால் மூன்று நாளில் சரியாகிறது, இதற்கு எதற்கு மரபணு? மெத்தப் படித்தவர்கள் இதையே வேறு தோரணையில் சொல்வார்கள். அது ஆராய்ச்சியாளர்களின் ஆடம்பரம், மக்கள் நல்வாழ்வுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பார்கள். இந்தக் கருத்தைத் தாங்கி நிற்கும் வாதங்கள் ஆறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். கொரோனா வைரஸின் மரபணு என்பது சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட வரி. வைரஸ் பெருகும்போது இந்த வரியைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் பிழைகள் விழுகின்றன. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. சில பிழைகள் வைரஸுக்குப் புதிய வித்தை கற்றுக்கொடுத்துவிடும். நோயாளிகளின் சளி மாதிரிகளில் ஒரு பகுதியை எடுத்து, வரி முழுவதையும் படித்து, எந்தப் பிழை எங்கே பரவுகிறது என்று தொடர்ந்து கவனிப்பதுதான் மரபணுக் கண்காணிப்பு.

1. “முடிவு வருவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார்”

உண்மைதான். ஆனால் இந்த முடிவு அந்த நோயாளிக்கானது அல்ல. ஊருக்கானது.

சிக்குன்குனியாவை எடுத்துக்கொள்வோம். தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் ரீயூனியன் தீவில் 2005–06இல் அந்தக் காய்ச்சல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரை முடக்கியது. வழக்கமாக இந்த வைரஸைச் சுமப்பது வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் வளரும் ஏடிஸ் எஜிப்தி கொசு. அது அதிகம் இல்லாத தீவில் நோய் இப்படிப் பரவியது எப்படி? மரபணுவைப் படித்தவர்களுக்கு விடை கிடைத்தது. வைரஸின் உறைப் புரதம் ஒன்றில், 226ஆம் இடத்தில், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் வைரஸ் இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸுக்குள் நன்றாகப் பெருகக் கற்றுக்கொண்டிருந்தது.

2007இல் கேரளத்தில் பரவிய சிக்குன்குனியாவிலும் அதே மாற்றம் காணப்பட்டது. அல்போபிக்டஸ் தோட்டத்துக் கொசு. ரப்பர் மரங்களில் பால் வடிக்கக் கட்டிய சிரட்டைகளில் தேங்கும் மழைநீரே அதற்குப் போதும். ஆக, வீட்டுத் தொட்டியில் மருந்து தெளித்துவிட்டு ரப்பர் தோட்டத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். எந்தச் சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும் என்று சொன்னது மரபணுவில் தெரிந்த அந்த ஒரு மாற்றம்.

எப்போதும் வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்த ஒரு பயணியின் ஆர்.டி.பி.சி.ஆர் பரிசோதனையில் கொரோனா வைரஸின் ‘எஸ்’ மரபணு மட்டும் தென்படவில்லை. அது ஒமைக்ரான் திரிபின் அடையாளம் என்பதைத் தென்னாப்பிரிக்கர்கள் முன்பே படித்துச் சொல்லியிருந்ததால் சந்தேகம் உடனே எழுந்தது. டிசம்பர் 15 அன்று தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் தொற்று உறுதியானது. ஒருவர் முழுதாகப் படித்து வைத்தால், மற்றவர்கள் சில மணி நேரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆனால் அடுத்து வந்த பிஏ.2 வகையில் அந்த அடையாளம் இல்லை. குறுக்குவழி எத்தனை நாள் செல்லும் என்பதையும் முழு வரியைப் படிப்பவர்தான் சொல்ல முடியும்.

2. “எந்தத் திரிபாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்”

2021 மே மாதம் இந்தியாவில் கொரோனாவுக்கு ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது. காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு ஆன்டிபாடிகளின் கலவை. ஒருவருக்கான டோஸ் விலை 59,750 ரூபாய். டெல்டா திரிபுக்கு எதிராக அது வேலை செய்தது. ஒமைக்ரான் வந்தபோதோ, அந்த ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்ளும் இடங்களே வைரஸில் மாறிப்போயிருந்தன. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. வைரஸைப் படிக்காமல் இருந்திருந்தால், பலன் தராத மருந்துக்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் இன்னும் கூடியிருக்கும்.

ஃப்ளூ தடுப்பூசியின் கதை இன்னும் பழையது. 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பு இயங்கி வருகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத் தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அது கூடி முடிவெடுக்கிறது. பி/யமகாட்டா என்ற ஒரு கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிப்படுத்தப்படவில்லை. 2023 செப்டம்பரில் அதைத் தடுப்பூசியிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். வந்த வைரஸைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, போன வைரஸைப் போய்விட்டது என்று சொல்வதும் கண்காணிப்பின் வேலை.

3. “நம்மால் இந்தச் செலவு தாங்காது”

சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் முழு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் 2021 செப்டம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. செலவு சுமார் 4 கோடி ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட விடுதிக்கு ஆன செலவு 706 கோடியே 50 லட்சம். விடுதி அவசியமானது, அதில் மறுபேச்சு இல்லை. அங்கே தங்குபவர்களையும் சேர்த்து மாநிலம் முழுவதற்குமான ஆய்வகத்தின் விலை, அந்த ஒரு விடுதியின் விலையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

இதில் நியாயமான ஒரு கவலை உண்டு. கூடம் கட்டுவது ஒருமுறைச் செலவு. ரசாயனங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஒவ்வொரு மாதச் செலவு. நிறைய மாதிரிகளைச் சேர்த்து ஓட்டினால் ஒரு மாதிரிக்கான செலவு குறையும். நாலைந்து மாதிரிகளோடு ஓட்டினால் காசு கரியாகும். சேரட்டும் என்று காத்திருந்தால் நாள் வீணாகும். அப்படியானால் செய்ய வேண்டியது இயந்திரத்தை மூடி வைப்பது அல்ல. டெங்கு, ஃப்ளூ, சிக்குன்குனியா என்று அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பது.

4. “கொரோனாவோடு அந்தக் கதை முடிந்தது”

2023 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூருக்குப் போன ஒரு திருச்சி மாவட்டக்காரரிடம் ஜேஎன்.1 திரிபு இருந்ததை அங்கே கண்டுபிடித்தார்கள். கேரளத்தில் எடுத்த ஒரு மாதிரியில் அது உறுதியானது அதற்குப் பிறகு, டிசம்பர் 8 அன்று. நம் ஊரிலிருந்து புறப்பட்டவர் சுமந்துபோன வைரஸின் பெயரைச் சிங்கப்பூர்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கண்காணிப்பு தளர்ந்தால் நடப்பது இதுதான்.

2025இல் நிலைமை மாறியது. என்பி.1.8.1 என்ற புதிய திரிபு ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒருவரிடம் இருந்ததை இந்திய மரபணுக் கண்காணிப்புக் கூட்டமைப்பான இன்சாகாக்கின் தரவு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது மே 23 அன்று. அது பெரிய அலையாக எழவில்லை. பீதி கிளம்பும்போது, இன்ன திரிபு, இவ்வளவுதான் பரவல் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிவதும் லாபம்தான்; ஒரு நாள் உற்பத்தி நின்றால் என்ன நஷ்டம் என்று தெரிந்த தொழிற்பேட்டைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

5. “2021இல் அது யாரைக் காப்பாற்றியது?”

ஆறு வாதங்களில் கனமானது இதுதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் அலையை எழுப்பிய டெல்டாவின் ஆரம்ப மாதிரிகள் 2020 அக்டோபரில் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. மகாராஷ்டிர மாதிரிகளில் 15 முதல் 20 சதவீதத்தில், டெல்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த ‘இரட்டைத் திரிபு’ இருப்பதாக ஒன்றிய சுகாதார அமைச்சகம் அறிவித்தது 2021 மார்ச் 24 அன்று. இடையில் ஐந்து மாதங்கள். இன்சாகாக் தொடங்கப்பட்டதே 2020 டிசம்பர் கடைசியில்தான். தொற்று உறுதியானவர்களில் 5 சதவீதம் பேரின் மாதிரிகளைப் படிப்பது என்ற அதன் இலக்கும் எட்டப்படவில்லை.

மார்ச் 24 அறிவிப்புக்குப் பிறகாவது விழித்தோமா? தமிழ்நாடு அப்போது தேர்தல் பிரசாரத்தில் இருந்தது. தண்டோரா போட்டவர்கள் போட்டார்கள், கேட்க வேண்டியவர்கள் பொதுக்கூட்டத்தில் இருந்தார்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. மே 10 ஊரடங்கு. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலைத் தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. ஒரகடம் ரெனோ–நிசான் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மே 26 அன்று அந்த ஆலையும் நின்றது.

அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்கா என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒமைக்ரான் உறுதியான முதல் மாதிரி நவம்பர் 9 அன்று எடுக்கப்பட்டது. நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது. பதினைந்து நாள். இங்கே ஐந்து மாதம், அங்கே பதினைந்து நாள். விஞ்ஞானம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆக, 2021 சொல்லும் பாடம் மரபணுக் கண்காணிப்பு வேண்டாம் என்பது அல்ல. குறைவாகவும் மெதுவாகவும் செய்தோம், சொன்னதைக் கேட்கவும் இல்லை என்பதுதான்.

6. “கண்டுபிடித்துச் சொன்னால் நமக்குத்தான் கேடு”

தென்னாப்பிரிக்கா பட்டது இதற்கு உதாரணமாகக் காட்டப்படும். உண்மையைச் சொன்ன இரண்டே நாளில் அதன் விமானங்களுக்குக் கதவுகள் சாத்தப்பட்டன. அது அநியாயம். அதோடு வீண் வேலையும்கூட: நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்த மாதிரியில் ஒமைக்ரான் இருந்தது பிறகு தெரியவந்தது. தடை போடும் முன்பே வைரஸ் ஐரோப்பாவுக்குள் நுழைந்திருந்தது. மறைப்பவர் ஊருக்கு வைரஸ் வராமல் இருப்பதில்லை. வந்தது தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே.

தொழிலாளியின் பயம் வேறு மாதிரியானது. என் மரபணுவை எடுத்து என்ன செய்வார்கள், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமா என்ற பயம். முதல் கேள்விக்குப் பதில் எளிது. படிக்கப்படுவது வைரஸின் 30,000 எழுத்துகள், மனிதரின் 300 கோடி எழுத்துகள் அல்ல. இரண்டாவது கேள்வி நியாயமானது. மாதிரியோடு போகும் பெயரும் தங்குமிடமும் முதலாளியின் மேசைக்குப் போகக் கூடாது என்பது விதியாக வேண்டும். தொற்று வந்தவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் ஆட்கள் பஸ் ஏறுவார்கள்.

ஒருவர் பெயரையும் கேட்காத வழி ஒன்றும் இருக்கிறது: கழிவுநீர். போலியோவைத் தேடி மும்பைச் சாக்கடைகளில் 2001 முதல் மாதிரி எடுத்து வருகிறார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டது. அதன் மரபணு நியூயார்க் பகுதியில் ஒருவரை முடக்கிய வைரஸுக்கு உறவு என்று தெரிந்தது. லண்டனில் ஒரு குழந்தைகூட முடங்கும் முன்பே, 1 முதல் 9 வயது வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் கூடுதல் தடுப்பூசி தர ஏற்பாடு நடந்தது.

வல்லம் வடகால் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். இந்தத் தொழிற்பேட்டைகளில் இப்படிப் பெரிதும் சிறிதுமாகத் தொழிலாளர் விடுதிகள் பல உண்டு. சிப்காட்டும் காஞ்சிபுரம் மாவட்டச் சுகாதாரத் துறையும் மனம் வைத்தால், பெரிய விடுதி ஒவ்வொன்றின் கழிவுநீரிலிருந்தும் வாரம் ஒரு பாட்டில் எடுத்து அனுப்பலாம். 2021இன் இரண்டாம் அலையில் தமிழ்நாட்டு மாதிரிகளைப் படிக்க வெளிமாநில ஆய்வகங்களை நம்ப வேண்டியிருந்தது. இப்போது பென்னலூரில் எடுக்கும் பாட்டில், பூந்தமல்லி வழியாக, அன்று மதியமே தேனாம்பேட்டை போய்ச் சேர்ந்துவிடும்.