கீசர் பத்தலைன்னா முதல்ல அது எங்க தொங்குதுன்னு பாருங்க

டிசம்பர் வந்தால் போதும், பீன்யா, தாசரஹள்ளி, லக்கெரே பக்கம் இருக்கிற நம்ம ஜனங்களிடமிருந்து ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, கேஸ் கீசர் பத்த மாட்டேங்குது. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, என்ன பண்றது?" கம்பெனியில் ஃபர்னஸ் பராமரிப்பு பார்க்கிறவன் என்பதால், நெருப்பு சம்பந்தப்பட்ட எல்லாமே என் டிபார்ட்மெண்ட் என்று ஒரு நம்பிக்கை. தீமிதிக்கு மட்டும்தான் இன்னும் கூப்பிடவில்லை :-)

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். குழாயைத் திறந்தால் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் டயாப்ரத்தைத் தள்ளும். அது ஒரு மைக்ரோ சுவிட்சை அழுத்தும். உடனே பேட்டரியிலிருந்து கரண்ட் போய் ஸ்பார்க் அடிக்கும், கேஸ் வால்வும் திறக்கும். ஆக, டிக் டிக் சத்தமே இல்லை என்றால் தண்ணீர் அழுத்தத்தையும் செல்லையும் பாருங்கள். சத்தம் வந்தும் பத்தவில்லை என்றால் கேஸ் வரவில்லை, அல்லது செல்லில் பாதி உயிர்தான் இருக்கிறது. சத்தத்துக்குப் போதுகிற கரண்ட் வால்வைத் திறக்கப் போதாது. பெரிய சைஸ் செல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். புது சிலிண்டர் மாட்டிய அன்று குழாயில் காற்று இருக்கும், இரண்டு மூன்று தடவை குழாயைத் திறந்து மூடினால் சரியாகிவிடும். ஆனால் கேஸ் வாடை வந்தால் இந்த எதுவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஆளைக் கூப்பிடுங்கள்.

நம்ம ஏரியாவுக்கே உரிய வியாதிகள் இரண்டு உண்டு. ஒன்று போர் தண்ணீர். அதில் இருக்கிற உப்பு, தண்ணீர் உள்ளே போகிற இடத்து வலையை அடைத்துவிடும். கழற்றிக் கழுவினால் பாதி கேஸ் அங்கேயே முடிந்தது. இன்னொன்று மேல் மாடி. கீசருக்கும் சிந்தெக்ஸ் டேங்கிற்கும் குறைந்தது இரண்டு மீட்டராவது உயரம் வேண்டும். மொட்டை மாடியில் ஷீட் போட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்கு டேங்க் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், அழுத்தம் எங்கிருந்து வரும்? கீசரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இந்த இடத்தில்தான் சில மெக்கானிக்குகள் வித்தை காட்டுவார்கள். மைக்ரோ சுவிட்சை நேரடியாக இணைத்துவிடுவது, தீக்குச்சி காட்டிப் பத்தவைப்பது. "பத்திடுச்சு சார்" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பத்தவைப்பதா பெரிய விஷயம்?

என் கேள்வி வேறு. அந்தக் கீசர் எங்கே தொங்குகிறது? பாத்ரூமுக்குள்ளே என்றால், பத்தாமல் இருப்பதே நல்லது என்பேன். வெளியே மாற்றும் வரைக்கும் அடுப்பில் தண்ணீர் காய வையுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆறு லிட்டர் கீசர் முழு வேகத்தில் எரிந்தால், நாலைந்து ஸ்டவ் பர்னர்களை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். பத்து நிமிடத்தில் சுமார் 150 கிராம் கேஸ். ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். நாலுக்கு ஆறடி பாத்ரூமில் இருக்கிற மொத்தக் காற்றே ஆறு கிலோவைத் தாண்டாது. (பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், காற்று இன்னும் கொஞ்சம் லேசு.) கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் குளித்தால், உள்ளே இருக்கிற காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீசரே தின்றுவிடும். காற்று குறையக் குறைய அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் வாடை கலக்கிறார்கள். இதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

2022-இல் நமக்குப் பக்கத்திலேயே சிக்கபாணாவராவில் ஒரு தாயும் சின்ன மகளும் இப்படிப் போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2023 மார்ச்சில் ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப்போன தம்பதிகளைப் பற்றி மும்பையிலிருந்தும் காஜியாபாத் பக்கத்திலிருந்தும் செய்தி வந்தது. இறக்காமல் தப்பிப்பவர்கள் கதை இன்னும் விசித்திரம். பாத்ரூமில் மயங்கி விழுந்தார், கை கால் வெட்டியது என்று வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. டாக்டர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பேர் வைத்து எழுதியிருக்கிறார்கள். குளிக்கும்போது மட்டும் தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவண்டு போவது என்று வீட்டில் யாராவது சொன்னால், டாக்டரிடம் கீசரைப் பற்றியும் சொல்லுங்கள்.

பீன்யாவில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் நிறையப் பேர். அங்கே கேஸ் ஃபர்னஸ் பத்தவில்லை என்றால் கன்ட்ரோலர் வால்வை மூடி லாக் ஆகிவிடும். ஃபேன் ஓடி உள்ளே தேங்கிய கேஸ் வெளியேறாமல் மறுபடி ஸ்பார்க் அடிக்காது. அதை யாராவது பைபாஸ் பண்ணினால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார். அதே சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து, குளிர்கிறது என்று வெண்டிலேட்டரில் தெர்மாகோல் அடைத்துவிட்டு, உள்ளே கீசரைப் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். இரும்புக்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லையா?

வீட்டு ஓனரிடம் கேட்டால் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார். மொட்டை மாடி சோலார் அவர் வீட்டுக்கு, கேஸ் கீசர் வாடகைக்காரருக்கு. ஊரை விட்டு வந்தவர்கள் நாம், சண்டை போடத் தயங்குகிறோம், புரிகிறது. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் நம் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பத்து மாச வாடகையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, "கீசரை வெளியே யுடிலிட்டியில் மாட்டிக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சில அடி குழாயும் ஒரு பிளம்பர் கூலியும்தான் செலவு. அவர் மறுத்தால் நீங்களே போடுங்கள், அவரிடம் அனுமதி மட்டும் வாங்கினால் போதும். கீசரை வெளியே மாட்டும்போது அதன் புகை பாத்ரூம் ஜன்னல் வழியாகவே திரும்ப உள்ளே வராத இடமாகப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள் சிலர். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், செல்லில் ஓடுகிற கீசர் நிற்காது.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம். சுடுதண்ணீர் கண்டால் அரை மணி நேரம் வரமாட்டார்கள். யாராவது கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால் தயங்காமல் கதவை உடையுங்கள். வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், கேஸை மூடுங்கள், உடனே ஆக்சிஜன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும் கொண்டுபோங்கள்.

டிஸ்கி: குழாய் கேஸ் வந்துவிட்ட தெருக்காரர்களுக்கு. சிலிண்டருக்கு வாங்கின கீசரை அப்படியே குழாய் கேஸில் மாட்டினால் சரியாகப் பத்தாது. இரண்டுக்கும் அழுத்தம் வேறு, ஜெட் ஓட்டையின் அளவும் வேறு. கம்பெனி ஆளை வைத்து ஜெட்டை மாற்றுங்கள். ஊசி வைத்துக் குடைந்து பெரிசு பண்ணுகிறேன் என்று யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.